அனுப்பாத படங்கள்

சிங்கப்பெருமாள் கோவில் இரயிலடியிலிருந்து நடந்து வரும் தொலைவில் எங்கள் வீடு. செங்கற்பட்டுக்குப் போகும் மின்வண்டி நின்று புறப்படும்போதெல்லாம் பரணில் அடுக்கியிருக்கும் பாத்திரங்கள் மெல்ல அதிரும். அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் உண்டு. அம்மா உயிரோடிருந்தவரை அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. சென்ற மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு பகலில், மின்சாரமும் நின்றுபோன வேளையில், நானும் என் தம்பியும் அதை இறக்கித் திறந்தோம்.

உள்ளே இருந்தவை தம்பி துபாயிலிருந்து அனுப்பிய புகைப்படங்கள். 1993ஆம் ஆண்டு அவன் அங்கே போனான், 2015இல் திரும்பினான். குளிர்சாதனப் பொறிகளைப் பழுது பார்ப்பது அவன் தொழில். பாரசீக வளைகுடாக் கரையில் அமைந்த அப்பாலைவன நகரத்தில் ஆண்டு முழுவதும் சேர்ந்து பெய்கிற மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம் பக்கத்தில் ஐப்பசியில் ஓரிரு நாளிலேயே அவ்வளவு கொட்டிவிடுவதுண்டு. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டி நிற்கும். சில நாள்களில் 45ஐயும் கடக்கும். கடல் அருகில் இருப்பதால் புழுக்கம் வேறு. ஊரெல்லாம் குளிர்ந்த அறைக்குள் ஒடுங்குகிற அந்த மாதங்களில்தான் அவனுக்கு வேலை மிகுதி. பொறியின் பாதி அறைக்குள் இருந்தாலும் மறுபாதி மொட்டை மாடியில் அல்லவா இருக்கிறது! பிறர் குளிர்வதற்காகச் சுடுகிற தளத்தில் முழந்தாளிட்டு வேலை செய்தவன் அவன்.

அம்மா படங்களை ஆண்டுவாரியாக நூலால் கட்டி வைத்திருந்தாள். ஒன்றில் அவன் 'அப்ரா' என்னும் மரப்படகில் உட்கார்ந்திருக்கிறான். துபாயைத் தேரா என்றும் பர்துபாய் என்றும் இரு கரைகளாகப் பிரிக்கிற உப்பங்கழியை அந்தப் படகுகள் கடக்கின்றன. இன்றும் ஒரு திர்ஹம் கொடுத்தால் கரை சேரலாம். இன்னொன்றில் யாருடையதோ ஒரு வெள்ளைக் காரின்மேல் கைவைத்து நிற்கிறான். பிறிதொன்றில் ஊத் மேத்தா பகுதியிலுள்ள தூய மரியன்னை ஆலயத்தின் முன்னால், தேய்த்து மடிப்புக் கலையாத சட்டையோடு நிற்கிறான். துபாய் ஆட்சியாளராயிருந்த ஷேக் ரஷீத் அளித்த நிலத்தில் 1967இல் அங்கே முதல் கோவில் எழுந்தது. வார விடுமுறை வெள்ளிக்கிழமையாக இருந்த அக்காலத்தில், நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் திருவழிபாட்டை வெள்ளியன்றே கொண்டாடினார்கள். தமிழில் திருப்பலி காண நெடுந்தொலைவிலிருந்து பேருந்து மாறிமாறி வருவார்களாம்.

இத்தனை ஆண்டுகள் எனக்கு உறைக்காத ஒன்று அன்று பகலில் உறைத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவன் அனுப்பிய படங்கள் யாவும் இரவில் எடுத்தவை. அல்லது கடைகளுக்குள் எடுத்தவை. கோடைப் பகலின் படம் ஒன்றுகூட அந்த டின்னில் இல்லை. காரின் மேல் கைவைத்து நிற்கும் படமும் இரவுப் படமே. "பகல்ல அது மேல கை வச்சிருந்தா தோல் வழண்டிருக்கும்ணா" என்று சொல்லித் தம்பி சிரித்தான்.

அப்படியானால் அந்தப் படங்கள் எங்களிடம் பொய் சொன்னவையா? நான் பள்ளி ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். பங்கில் பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பும் எடுத்திருக்கிறேன். எட்டாம் கட்டளையைக் குழந்தைகளுக்கு விளக்கும்போது, வாயால் சொல்லும் பொய்யைப் பற்றியே பேசியிருக்கிறேன். கண்ணுக்குக் காட்டும் பொய் என்று ஒன்று உண்டா என்று எந்தக் குழந்தையும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார்: ஒன்று ஏறத்தாழ 395இல், மற்றொன்று 420இல். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் சற்றும் இளகவில்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு உண்மையல்லாததைச் சொல்வது பொய். எந்த நன்மைக்காகச் சொன்னாலும் அது பொய்யே என்பது அவர் கட்சி. ஆயினும் உண்மையை மறைப்பது வேறு, பொய் உரைப்பது வேறு என்று அவரே ஒரு சிறு வாயிலையும் திறந்து வைத்தார். புனித தாமஸ் அக்குவினாஸ் பொய்களைத் தீங்கு செய்வது, விளையாட்டுக்குச் சொல்வது, பிறருக்கு உதவச் சொல்வது என்று பிரித்தார். மூன்றும் குற்றமே, ஆனால் எடை ஒன்றல்ல என்றார். அந்த வெள்ளைக் காரை இந்தத் தராசில் வைத்தால் எங்கே நிற்கும்? கார் தன்னுடையது என்று தம்பி எழுதவில்லை. தன்னுடையதன்று என்றும் எழுதவில்லை. அம்மாவின் மனம் குளிரட்டும் என்று மௌனமாக நின்றான். அகுஸ்தீனாரின் சிறு வாயிலில் அவன் நுழைந்துவிடுவான் என்றே எனக்குத் தோன்றுகிறது. இறையியல் கற்றவர்கள் மறுக்கலாம்.

ஆனால் அம்மா ஏமாந்தாளா? அவள் படம் பார்க்கும் முறையே வேறு. கடித உறையைக் கிழித்ததும் காரையோ கடையையோ பார்க்கமாட்டாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவன் கழுத்தெலும்பைப் பார்ப்பாள். மணிக்கட்டைப் பார்ப்பாள். "போன படத்துல இருந்த சட்டைதான். காலர் நைஞ்சிருக்கு பாரு" என்பாள். நாங்கள் கட்டடங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் பித்தான்களை எண்ணினாள். அவளை ஏமாற்ற இந்த உலகத்தில் எந்தக் காமிராவாலும் முடிந்திராது.

ஏமாந்தவன் நான். அதை இங்கே எழுதாமல் மேலே போவது முறையாகாது.

1998ஆம் ஆண்டு எங்கள் தங்கைக்குத் திருமணம் நடந்தது. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஜூலையில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு படம்: இரவு நேரக் கடை, உயரமான கண்ணாடிக் குவளையில் ஃபலூடா, அதன் பின்னால் அவன் சிரிப்பு. ஒரு யாஷிகா காமிராவைப் பழைய விலைக்கு வாங்கியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நகரைச் சுற்றிப் படமெடுப்பதாகவும் எழுதியிருந்தான். நான் அன்றே பதில் எழுதினேன். இங்கே வட்டி குட்டி போடுகிறது, அங்கே உனக்கு ஐஸ்கிரீமும் காமிராவும் வேண்டியிருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் சில சொற்களும் எழுதினேன். அவை என் நினைவில் உள்ளன. அவற்றை இந்தத் தாளில் ஏற்ற மனம் வரவில்லை.

அடுத்த மாதம் வங்கி வரைவோலை வந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலான தொகை. கடிதத்தில் நான்கு வரி. படம் இல்லை. அதன் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவன் ஒரு படமும் அனுப்பவில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாள். காரணம் எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை. இதை அகுஸ்தீனாரின் எந்த வாயிலில் நுழைப்பது?

பொருள் தேடப் போனவன் இன்பம் தேடலாகாது என்ற எண்ணம் எனக்குள் எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நாம் பொதுவாகப் புலம்பெயர்ந்த உழைப்பாளியை ஒரு மெழுகுவர்த்தியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். உருகுகிறான், நமக்கு வெளிச்சம் தருகிறான். அவன் துன்புறுகிறான் என்று கேட்டால் கண்ணீர் விடுகிறோம். அவனுக்காகச் செபம் சொல்கிறோம். அவன் ஃபலூடா குடித்தான் என்று கேட்டால் முகம் சுளிக்கிறோம். துன்பத்தை மட்டும் அவனுக்கு உரிமையாக்கி, மகிழ்ச்சியை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறோம். இன்னொரு வகையினரும் உண்டு. தொழிலாளியின் வெடித்த பாதத்தையும், குறுகிய அறையில் அடுக்கிய கட்டில்களையும் தேடித்தேடிப் படமெடுப்பவர்கள். அவர்கள் நோக்கம் நல்லது. அந்தப் படங்களால் சட்டங்கள் மாறியதும் உண்டு. ஆனால் அந்தக் கட்டிலில் படுத்திருப்பவன் அன்று மாலை எதற்காகச் சிரித்தான் என்பதை அவர்களுடைய காமிராவும் கேட்பதில்லை.

வனத்து அந்தோனியாரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. எகிப்தின் பாலைவனத்தில் தவமிருந்து 356இல் மறைந்த அவரை நாம் 'வனத்து' அந்தோனியார் என்றே அழைக்கிறோம். மணற்காடு கண்டறியாத நம் முன்னோருக்கு அது வனமாகத்தான் தோன்றியிருக்கும். ஒரு நாள் அவர் தம் சகோதரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை ஒரு வேடன் பார்த்து முகம் கோணினானாம். தவசிகளுக்கு வேடிக்கைப் பேச்சா? அந்தோனியார் அவனிடம், வில்லை வளை என்றார். வளைத்தான். இன்னும் வளை என்றார். வளைத்தான். மேலும் வளைக்கச் சொன்னபோது, வில் ஒடிந்துவிடுமே என்றான் வேடன். இவர்களும் அப்படித்தான் என்றார் முனிவர். கதையில் வேடன் தலைகுனிந்து போனான். 1998இல் எனக்கு அந்தக் கதை தெரியும். வகுப்பில் சொல்லியுமிருக்கிறேன். அந்த வேடன் நான்தான் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

மே மாதத்துப் பகலுக்குத் திரும்புகிறேன். டின்னிலிருந்த படங்களைப் பார்த்து முடித்ததும் தம்பி எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தான். "இதையும் இதுக்குள்ளயே போட்டுடலாம்ணா" என்றான். அவை அவன் அங்கே எடுத்து, எங்களுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட படங்கள்.

நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன். எதைக் காணப்போகிறேன் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்: கொப்புளித்த முதுகுகள், மூட்டைப்பூச்சிக் கட்டில்கள், மறைத்த வேதனைகள். இருபது ஆண்டு பொய்களின் மறுபக்கம் அந்த உறைக்குள் இருக்கும் என்று எண்ணினேன்.

முதற்படத்தில் ஒரு குளிர்சாதனப் பொறியின் வடிகுழாய் இருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு நீர். கீழே பாதியாக அறுத்த பிளாஸ்டிக் கேன். அதன் விளிம்பில் இரண்டு மைனாக்கள். ஒன்று குடிக்கிறது; மற்றது தன் முறைக்குக் காத்திருக்கிறது. "அந்தக் கேனை நான்தான் வச்சேன். மூணு கோடை வந்துச்சுங்க" என்றான்.

அடுத்த மூன்று படங்களும் ஒரே பேரீச்ச மரம். சாலை நடுவிலிருந்த மரம். முதலில் காய் பச்சையாக இருக்கிறது. அடுத்ததில் குலைக்கு வலைப்பை கட்டியிருக்கிறார்கள். மூன்றாவதில் வலைக்குள் காய் பொன்னிறமாகி, ஓரிரண்டு பழுப்பேறிக் கனிந்து நிற்கின்றன. பேரீச்சைக்குக் கொடுங்கோடைதான் கனியும் காலம். வெயில் ஏறஏறத்தான் அதில் இனிப்பு ஏறும். வேலைக்குப் போகும் வண்டி அந்த மரத்தருகில் சிவப்பு விளக்குக்கு நிற்கிற நாள்களில் சன்னல் வழியே எடுத்தானாம். ஜூன் தொடக்கத்திலிருந்து அந்தக் குலை எப்போது நிறம் மாறும் என்று காத்திருப்பது அவனுக்கு ஒரு விளையாட்டு.

ஒரு படம் முழுவதும் வெள்ளைப் புகையாக இருந்தது. கெட்டுப்போன படம் என்று நினைத்தேன். குளிர்ந்த அறையிலிருந்து காமிராவை வெளியே எடுத்ததும், அந்த ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடிமேல் ஆவி படிந்துவிடுமாம். அது தெளிய வெகுநேரம் காத்திருக்கவேண்டும். ஒரு நாள் காத்திருக்காமல் அழுத்திவிட்டான். தெருவிளக்குகள் எல்லாம் பஞ்சுப் பொதிகளாகத் தெரிகின்றன. "நம்ம ஊர் மார்கழிப் பனி மாதிரி இருந்துச்சு, அதான் வச்சுக்கிட்டேன்" என்றான்.

குளியலறையின் பிளாஸ்டிக் வாளி ஒன்றும் இருந்தது. இதை எதற்கு எடுத்தாய் என்று கேட்டேன். மொட்டை மாடித் தொட்டியில் வெயில் காய்வதால் கோடையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கொதிநீர் வரும். எனவே வெந்நீர்ப் பொறியின் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அறைக்குள் இருக்கும் அதன் கலத்தில் தேங்கிய நீர் மெல்லக் குளிரும். வெந்நீருக்கென்று வைத்த குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்! இந்தத் தந்திரத்தை அறைத் தோழர் சொல்லிக்கொடுத்த அன்று, வேலை முடிந்து வந்து தலையில் ஊற்றிய முதல் குவளைத் தண்ணீரைத் தம்பி இன்னும் மறக்கவில்லை. அந்த நன்றியில் வாளியைப் படமெடுத்திருக்கிறான்.

விரித்த செய்தித்தாளின்மேல் வெட்டிய தர்ப்பூசணி, சுற்றிலும் எட்டுக் கைகள், முகங்கள் இல்லை. ஒரு கை பெஷாவர்க்காரருடையது, ஒன்று கேரளத்தவருடையது, ஒன்று நேபாளத்துப் பையனுடையது என்று விரல்வைத்துச் சொன்னான். இன்னொரு படத்தில், கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் அடியில் ஒரு முழ அகலத்துக்கு நிழல்; அந்த நிழலின் ஓரத்தில் வரிசையாகக் கழற்றி விட்ட காலணிகள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்ற விதி அமீரகத்தில் 2005க்குப் பின் படிப்படியாக நிலைபெற்றது. அந்த விதி வந்த பிறகு எடுத்த படம் அது. காலணிகளுக்கு உரியவர்கள் உள்ளே உறங்குகிறார்கள்.

நான் எதிர்பார்த்த வேதனை அந்த உறையில் இல்லை. வேதனையே இல்லாமல் வாழ்ந்தான் என்பதன்று. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அது இருந்தது. மைனாவின் தாகத்தில், வாளியில், காலணிகளின் வெடிப்பில். ஆனால் அவன் அவற்றை எடுத்தது மகிழ்ச்சியின் பொருட்டு. எங்களுக்கு அனுப்பிய படங்களில் இருந்தது பிறருடைய மகிழ்ச்சி: யாருடையதோ கார், யாருடையதோ கடை. தன்னுடைய மகிழ்ச்சியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

"ஏன்டா இதை எல்லாம் அனுப்பலே?" என்று கேட்டேன்.

"வாளிய அனுப்பினா என்ன நினைப்பீங்க? பாவம், கஷ்டப்படறான்னு நினைப்பீங்க. இது சந்தோஷம்னு எப்படி எழுதறது?" என்றான்.

உறையின் அடியில் மடித்த கடிதம் ஒன்றும் இருந்தது. மேலே என் கையெழுத்து. நான் பார்த்ததை அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. எழுந்து கலித்தொகையை எடுத்துப் புரட்டினேன். தமிழர் பாலைக்கு வகுத்த பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. பாலை என்று தனியே ஒரு நிலம் நமக்கு இல்லை. மழை பொய்த்து மலையும் காடும் தம் இயல்பு கெட்டபோது அதைப் பாலை என்றார்கள். பொருள் தேட அந்த வழியே போனவர்களைப் பற்றிப் பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியவற்றுள் 11ஆம் பாட்டை நான் மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். தலைவன் பிரிந்து போகுமுன் தலைவியிடம் அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அது கால் வைக்கக் கூடாதபடி சுடும் என்று சொன்னான். கூடவே வேறொன்றும் சொன்னான். கன்று கலக்கிவிட்ட கொஞ்ச நீரைத் தன் பிடிக்கு ஊட்டிவிட்டுப் பிறகு தான் குடிக்கும் களிறு அங்கே உண்டு. வாடிய பேடைக்குச் சிறகால் விசிறும் புறா உண்டு. நிழலற்ற இடத்தில் தன் உடம்பின் நிழலைப் பிணைக்குத் தரும் கலைமான் உண்டு என்றும் சொன்னான். காமிரா இல்லாத காலத்தில் சொல்லால் எடுத்து, போவதற்கு முன்பே அவன் கொடுத்துவிட்டுப் போன மூன்று படங்கள் அவை. அவள் அவற்றை எப்படிப் பார்த்தாள்? நான் இங்கே துயருறும்போது உனக்கு யானையும் புறாவும் வேடிக்கையா என்று கேட்கவில்லை. இவற்றைக் காணும் கண்ணுடையவன் என்னை மறக்கமாட்டான், திரும்பி வருவான் என்று தோழியிடம் சொல்லித் தேறினாள். வீட்டுப் பல்லி நல்ல திசையில் ஒலித்ததையும் சேர்த்துச் சொன்னாள். அவளுக்குப் படம் பார்க்கத் தெரிந்திருந்தது.

முப்பது ஆண்டு இந்தப் பாட்டை நடத்தினேன். 'இதனால் தலைவனின் அன்பு புலனாகிறது' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கேனில் நீர் குடிக்கும் மைனா என் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

திருவிவிலியத்தில் தானியேல் நூலின் மூன்றாம் பிரிவை நம் திருச்சபை முழுமையாக வாசிக்கிறது. பிற சபையினர் பலரின் பதிப்புகளில் இல்லாத ஒரு பகுதி அதில் நமக்கு உண்டு. மூன்று இளைஞர்கள் தீச்சூளையில் எறியப்பட்டபோது, ஆண்டவரின் தூதர் இறங்கி வந்து சூளையின் நடுவே பனி தாங்கிய காற்று வீசச் செய்தார் என்று அங்கே படிக்கிறோம். அந்த இளைஞர்கள் பாடிய நெடும்பாட்டில் நெருப்பும் வெப்பமும் உண்டு, பனியும் குளிரும் உண்டு, ஊற்றுகளும் பறவைகளும் உண்டு. ஞாயிறு காலைத் திருப்புகழ்மாலையில் குருக்களும் கன்னியரும் அதைச் சொல்கிறார்கள். அவர்கள் வெளியே வந்தபின் பாடியதாக நூல் சொல்லவில்லை. சூளைக்குள் நின்றே பாடினார்கள். வெளியே நின்ற நெபுகத்னேசருக்கு அந்தத் தென்றல் படவில்லை. உள்ளே மனிதர்கள் உலாவுவதை மட்டுமே அவன் கண்டான். கண்டு வியக்கவாவது செய்தான்.

சூளை சூளைதான். அதை மூட்டியவன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உள்ளே தென்றல் வீசிற்று என்பதைக் காட்டி, சூளை நல்லதே என்று வாதிடுகிறவன் தொழிலாளிக்குத் துரோகம் செய்கிறான். நண்பகல் ஓய்வும், தண்ணீரும், நேரத்துக்குச் சம்பளமும் உரிமைகள்; தர்ப்பூசணியைக் காட்டி அவற்றைத் தள்ளிப்போட முடியாது. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் சிறு இன்பங்களைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் இந்தப் பள்ளத்தில் விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயினும் சபை உரையாளர் நூலை எழுதியவர், உழைப்பின் நடுவே உண்டு குடித்து மகிழ்வதைக் கடவுளின் கொடை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்; உழைப்பு வீண் என்று அடித்துப் பேசுகிற அந்த மனிதரே அதையும் சொல்கிறார். கொடையை நான் கொடுக்கவில்லை. பின் அதைக் கணக்குக் கேட்க நான் யார்?

1971 டிசம்பர் 2 அன்று அமீரகம் என்னும் நாடு பிறந்தபோது, கொடியின் கீழ் ஆட்சியாளர்கள் கூடிநின்ற புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் ஓர் இந்தியர்: 1965இல் மும்பையிலிருந்து அங்கே போன இரமேஷ் சுக்லா. அந்த நாட்டின் வரலாற்று நூல்களில் அந்தப் படம் இருக்கிறது. அதே வெயிலில் எடுத்த மற்றப் படங்கள், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனை பிஸ்கட் டின்களில், எத்தனை பழுப்பு உறைகளில் இருக்கின்றனவோ! வாசக அன்பர்களில் சிலருடைய வீட்டுப் பரணிலும் இருக்கலாம்.

எங்கள் ஊரும் இப்போது பலருக்குத் தூர தேசமாகிவிட்டது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது முதல், ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலை நெடுகத் தொழிற்சாலைகள் எழுந்தன. வயலாயிருந்த இடங்களில் விடுதிகள் வந்தன. எங்கள் வீட்டின் முன்பகுதியில் ஒடிசாவிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக உடுத்திக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய், நிற்கிற கார்களுக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வார்கள். காணொளியில் ஊரோடு பேசும்போது, எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரியாதபடி கைப்பேசியைச் சாய்த்துப் பிடிப்பார்கள். அந்தக் கூரைக்கு மாத வாடகை வாங்குகிறவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மழைக்காலத்துக்குள் அதை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

டின்னைத் திறந்த அடுத்த ஞாயிறு, அவர்களில் இளையவன் நெடுஞ்சாலையோரம் நுங்கு வாங்கி வந்திருந்தான். அவன் ஊரிலும் பனை உண்டாம். திண்ணைப் படியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் நுங்கைத் தோண்டி உறிஞ்சிக்கொண்டிருந்தான். நீர் மணிக்கட்டில் வழிந்து முழங்கையிலிருந்து சொட்டியது. என் தம்பி சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனுடைய கைப்பேசியை வாங்கி, "இப்படித் திரும்பு, வெயில் நேரா விழுது" என்று இந்தியும் தமிழும் கலந்து சொல்லி, படமெடுத்துக் கொடுத்தான். முகம் பாதிதான் படத்தில் விழுந்தது. நுங்கும் கையும் சொட்டும் நீரும் முழுதாக விழுந்தன. பையனுக்கு அது பிடித்ததா என்று தெரியவில்லை. காருக்குப் பக்கத்தில் நிற்கும் படங்களைப் போல அது இல்லை. ஆனாலும் ஊருக்கு அனுப்பினான்.

இரண்டு நிமிடத்தில் கைப்பேசி ஒலித்தது. அவன் தாயார். பையன் ஏதோ சொல்லிச் சிரித்தான். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். பெருவிரலில் என்ன கட்டு என்று கேட்டார்களாம். வியாழக்கிழமை இரவு ஷிப்டில் பட்ட காயம். எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

"நீ என்ன சொன்னே?"

"நுங்குத் தோல் ஒட்டிக்கிச்சுன்னு சொன்னேன் சார்" என்றான்.

என் தம்பி எழுந்து உள்ளே போய், மருந்துப் பெட்டியை எடுத்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.